எப்படி நோகுது எண்டு சொல்லு

டொக்டர் நிமேஷாவுக்குத் தெரிந்த தமிழ்
பதினைந்து சொல்.
நோவு, மூச்சு, எப்ப, சாப்பிட்டதா, பயப்பட வேணாம்.
மிச்சத்துக்கு நான்.
கல்முனை ஆஸ்பத்திரியில் இரவில் தள்ளுவண்டி தள்ளுகிறவன்,
அம்பாறையில் மூன்று வருசம் மேசன் வேலைக்குப் போய்
சிங்களம் பொறுக்கிக்கொண்டு வந்தவன்.

நெஞ்சுக்கு எங்களிடம் எத்தனை வினை!
குத்துது, எரியுது, உளையுது, இறுக்குது,
கொளுவிப் புடிக்குது, பாரமா இருக்குது,
என்னமோ செய்யுது.
அவளுடைய பாசையில் இதற்கெல்லாம்
எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: ரிதெனவா.
ஐம்பது கிலோ சாக்கில்
எழுபது கிலோ நெல்லைத் திணிப்பதுபோல்
அதற்குள் திணித்துக் கொடுப்பேன்.

பத்தரைக்கு ஹில்மி வந்தான்.
சம்மாந்துறை ஆலையில் மூட்டை சுமக்கிறவன்,
வயசு இருபத்திரண்டு.
"குத்துது நானா, ஹார்ட் அட்டாக்தான்,
உம்மாக்குச் சொல்லாதீங்க."
டொக்டர் ஒரு விரலை நீட்டினாள்:
இதால் காட்டு.
காட்டினான். நெஞ்செலும்பின் ஓரம்,
ஒரு ரூபாய்க் குற்றி அளவு இடம்.
அதே இடத்தில் அவள் அழுத்த
வார்டே திரும்பிப் பார்க்கிற கத்தல்.
அவள் சிரித்தாள்.
விலா வந்து முட்டுகிற குருத்தெலும்பு வீங்கியிருக்காம்,
அழுத்தினால் கத்துகிற நோவு
அனேகமாக இதயத்துடையது இல்லையாம்.
அந்த 'அனேகமாக'வுக்காக
ஈசிஜியும் எடுத்தோம்.

ஒலுவில் கெம்பஸில் இருந்து யதுஷா.
விரல்கள் விறைத்து மடங்கியிருந்தன.
விடிந்தால் பரீட்சை என்று
கூட வந்த பிள்ளைதான் சொன்னாள்.
"மூச்சு காணாது, நெஞ்சுல ஆரோ ஏறி இருக்கிறாங்க."
சொல்லுக்குச் சொல் பெயர்த்தேன்.
"ஆரு?" என்று டொக்டர் தமிழிலேயே கேட்டாள்.
பிள்ளை அழுதுகொண்டு ஒரு பெயர் சொன்னது.
அதை நான் பெயர்க்கவில்லை.
நடிப்பு என்று முணுமுணுத்த மிஸ்ஸை
டொக்டர் ஒரு பார்வை பார்த்தாள்,
பிறகு கதிரையை இழுத்துப் போட்டு
மெல்ல மெல்ல மூச்சு விட்டுக் காட்டினாள்.

மருதமுனை அஸ்ஜத். ஆறடி மூன்றங்குலம், ஈர்க்கு.
இருமலும் இல்லை, விழவும் இல்லை,
கெரம் அடித்துக்கொண்டு இருந்தவனாம்.
மூச்சை இழுத்தால் வலப்பக்கம் கிழியுது என்றான்.
எக்ஸ்ரேயில் நுரையீரல் ஒரு மூலைக்கு ஒதுங்கிச்
சுருங்கிக் கிடந்தது.
நெடுத்து மெலிந்த பெடியன்களுக்கு
சும்மா இருக்கையிலும் இப்படிக் காற்று ஒழுகுமாம்.

மறுகா காரைதீவுக் குகேந்திரன்.
முப்பத்தொன்று. மணல் லொறி.
கத்தவில்லை, விரலால் காட்டவும் இல்லை,
முட்டிக்கையை நெஞ்சில் வைத்தபடி நின்றார்.
"வாய்வு தம்பி. கொத்துரொட்டி திண்டன்.
சோடா குடிச்சும் போகல்ல, ஓமத்தண்ணிக்கும் போகல்ல.
ஒரு குளுசை தந்தா லொறிக்குப் போயிருவன்."
நானும் சொன்னேன்: கேஸ்.
சிங்களத்திலும் அது கேஸ்தான்.
என் சீவியத்தில் ஆகச் சுகமான மொழிபெயர்ப்பு.

அவள் அவருடைய நெற்றியைப் பார்த்தாள்,
ஃபேனுக்குக் கீழே அத்தனை வேர்வை.
கையைப் பார்த்தாள்.
கேஸ் என்று சொன்னது அவர்,
எப்படி நோகுது என்று கேள், என்றாள் என்னிடம்.
கேட்டேன்.
கன நேரம் யோசித்தார்.
"மணல் பறிச்ச மாதிரி, தம்பி.
தாடைக்கும் ஏறுது."

கடதாசியில் கோடுகள் எழும்பி நின்றன.
மூன்று பத்துக்கு அம்புலன்ஸ்
மட்டக்களப்புக்கு வெளிக்கிட்டது.
கட்டிலுக்குக் கீழே இன்னும் அவருடைய செருப்பு.

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களில்
எத்தனையோ பேருக்கு வாய்வுதான், எனக்கும் தெரியும்.
ஆனாலும் வாசலிலேயே சொல்லிவிடுகிறேன் இப்போது:
என்ன வருத்தம் எண்டு சொல்லாத,
எப்படி நோகுது எண்டு சொல்லு.

சுபஹுக்குப் பாங்கு சொல்லும் நேரம்
வெறும் வண்டியைத் திருப்புகையில்
என் இடது விலாவில் ஏதோ கொளுவியது.
ஒற்றை விரலால் அழுத்திப் பார்த்தேன்.
கத்திவிட்டேன்.
அல்ஹம்துலில்லாஹ்.

"என்ன நளீர்?"
கொளுவுது, என்றேன்.
பதினாறாவது சொல்லைக் கையில் எழுதிக்கொண்டு
ஷேர்ட்டைக் கழற்றச் சொன்னாள்.